ஓர் அலகு, இரண்டு விமானங்கள்

காலை ஏழு மணிக்கு இறங்கி மாலை நாலு இருபதுக்கு வேறு விமானம் ஏற வேண்டிய ஒருவருக்கு ஒரு நகரத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது? ஒன்பது மணி இருபது நிமிடம் என்று நாம் சொல்லுவோம். வெல்டரும் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கணக்கைத் தனியாள் போடக் கூடாது, அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அவரோடு அவருடைய மகள் இருந்தாள். வயது ஒன்பது. வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் வாலு. வாலுவின் அம்மா நர்ஸ் வேலைக்காக வேறொரு நாட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அங்கே மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. வெல்டருக்கு இன்னொரு திசையில், கப்பல் கட்டும் துறைமுகம் ஒன்றில், இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. நடுவில் விடுப்புக் கிடையாது என்று ஒப்பந்தத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆக, இந்த நகரம்வரை இருவருக்கும் ஒரே விமானம். இங்கிருந்து அவருக்கு நாலு இருபது, அவளுக்கு ஐந்தரை. அதற்கப்புறம் அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார இரண்டு வருடம் ஆகும்.

அந்த ஒன்பது மணி நேரத்துக்கு வாலு கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரோலர் கோஸ்டர். அப்பா பக்கத்து இருக்கையில் இருக்க வேண்டும். நூற்று முப்பது சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வளர்ந்துகொண்டிருந்தாள். போன மாதம்தான் நூற்று முப்பதைத் தொட்டாள். “நான் பக்கத்துல உக்காந்தா வெல்டிங் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு பாத்துடுவேன்ல?” என்று அப்பா தைரியம் சொல்லியிருந்தார். தைரியம் அவருக்குத்தான் தேவைப்பட்டது என்பது வாலுவுக்குத் தெரியும்.

எட்டரை மணிக்கு இருவரும் பூங்காவின் வாசலில் நின்றார்கள். சுவருக்கு மேலே ரோலர் கோஸ்டரின் முதுகு தெரிந்தது. நீல நிறம். வாசல்காரர் இவர்களுடைய சட்டையில் குடியேற்ற அதிகாரி ஒட்டியிருந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார்.

“குறுந்தங்கலா?”

“அப்படின்னா?”

“பன்னண்டு மணி நேரத்துக்குள்ள ஊரை விட்டுப் போறவங்க. நீங்க இந்த வாசல்ல வரக் கூடாது சார். அங்க போய்த் திட்டம் வாங்கிட்டு வாங்க.”

“என்ன திட்டம்? ஒரே ஒரு ரைடுதான் தம்பி. ஏறி இறங்கிட்டுப் போயிடுவோம்.”

“ஏறுறதுக்கு முன்னாடி எப்படி ஏறப்போறீங்கன்னு சொல்லணும்ல சார்?” என்றார் வாசல்காரர். கேலியாகச் சொல்லவில்லை.

அவர் காட்டிய இடத்தில், பூங்காவின் மதிலை ஒட்டி, மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. குறுந்தங்கல் பயணிகள் பூங்காப் பார்வையிடல் திட்டமிடல் மையம். இந்த மையம் ஏன் வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் இரண்டு விமானங்களுக்கு நடுவே பூங்காவுக்கு வந்த சிலர் விளையாட்டில் நேரம் போனது தெரியாமல் விமானத்தைத் தவறவிட்டார்கள். விமான நிறுவனங்கள் புகார் செய்தன. இனி ஒருவரும் சந்தோஷத்தால் விமானத்தைத் தவறவிடக் கூடாது என்று ஒரு குழு முடிவெடுத்து, அதற்கு ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது.

உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெல்டருக்குக் கொடுத்த டோக்கன் நூற்றுப் பத்து. எழுபது எண்கள் பூங்கா வரலாற்றில் முக்கியமானவர்களின் நினைவாக ஒதுக்கப்பட்டவை என்று சுவரில் ஒரு பலகை சொன்னது. அவை ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டு, யாரும் வரவில்லை என்று உறுதி செய்யப்பட்டு, கடந்துபோயின.

பக்கத்து நாற்காலியில் ஒரு பல் டாக்டர், அவருடைய மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை.

“முதல் தடவையா?” என்றார் பல் டாக்டர்.

“ஆமாங்க. நீங்க?”

“கல்யாணம் ஆன புதுசுல ஆரம்பிச்சோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறப்ப இந்த வழியா டிக்கெட் போடுவோம். முதல் திட்டத்துல ரெண்டு பேர்தான். இப்ப மூணு பேர்னு திருத்தம் குடுத்திருக்கோம்.”

“உள்ள போனீங்களா?”

“போனாரு,” என்றார் மனைவி. “ரெண்டாவது வருஷம் வாசல்வரைக்கும் போனாரு. பேனாவை இங்கயே விட்டுட்டோமேன்னு திரும்பி வந்தாரு பாருங்க, திட்டம் காலாவதி ஆயிடுச்சு. மனுஷன் வாயில இருக்கிற பல்லையெல்லாம் எண்ணத் தெரியும். சட்டைப் பையில இருக்கிற பேனாவை எண்ணத் தெரியாது.”

“அது நல்ல பேனாடி,” என்றார் பல் டாக்டர்.

ஒன்பது பத்துக்கு வெல்டருக்கு விண்ணப்பம் கிடைத்தது. பதினான்கு பக்கம். எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்கு ‘சந்தோஷத்துக்காக’ என்று எழுதினார். எதிர்பார்க்கும் மகிழ்ச்சியின் அளவு என்ன என்ற கேள்விக்குக் குறைவு, மிதம், அதிகம் என்று மூன்று கட்டங்கள். ‘அதிகம்’ என்பதில் டிக் போட்டார். அலறும் உத்தேசம் உண்டா? மகளைக் கேட்டார். “உண்டு, நிறைய” என்றாள். எழுதினார். மழை பெய்தால் எதைக் கொண்டு மகிழ்வீர்கள் என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. கோடு போட்டுவிட்டார்.

முதல் மேசையில் திட்ட ஆலோசகர் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இனிமையான குரல். அன்று முழுவதும் அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

“சந்தோஷம்னு எழுதியிருக்கீங்க. சந்தோஷம் நோக்கம் இல்லீங்க, விளைவு. நோக்கம்னா பொழுதுபோக்கு, கல்வி, ஓய்வு — இதுல ஒண்ணு. அப்புறம், மகிழ்ச்சி அதிகம்னு போட்டிருக்கீங்க. அதிகம்னா இதய மருத்துவர் சான்று வேணும்.”

“அப்ப குறைவுன்னு போட்டுடறேன் சார்.”

“குறைவான மகிழ்ச்சிக்கு இவ்வளவு தூரம் எதுக்கு வர்றீங்கன்னு மேல கேப்பாங்களே. மிதம்னு போடுங்க. எல்லாரும் மிதம்தான்.”

“அலறல் மட்டும் அப்படியே இருக்கட்டுமா அங்கிள்?” என்றாள் வாலு.

“எத்தனை தடவைன்னு எழுதணும்மா.”

வாலு யோசித்து, “ஏழு” என்றாள். ஆலோசகர் நாலு என்று எழுதிக்கொண்டார்.

பத்து மணி நாற்பதுக்கு இரண்டாவது மேசை. அங்கே நேரத் தணிக்கையாளர். ஒல்லியான மனிதர். சுவரில் ஒரு கடிகாரம், கையில் ஒரு கடிகாரம். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பது அவருடைய வேலை.

“உங்க விமானம் நாலு இருபது. எங்க பேருந்து ரெண்டே காலுக்கு இங்கிருந்து கிளம்பும். அதுலதான் போகணும். குழந்தை?”

“அவளுக்கு அஞ்சரை சார். அவ என்கூடவே ரெண்டே கால் பேருந்துல வந்துடுவா. ஏர்போர்ட்ல விமானக் கம்பெனி ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டு நான் என் விமானத்துக்குப் போயிடுவேன்.”

“அப்ப ரெண்டு பேரும் ஓர் அலகு. சின்ன நேரம் எதுவோ அதுதான் அலகோட நேரம்.”

“அலகுன்னா குருவிக்கு இருக்கிறதுதானே?” என்றாள் வாலு.

தணிக்கையாளர் இதற்குச் சிரிக்கவில்லை. “ரெண்டு கடிகாரத்துக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம் இருக்கு. அதைப் பயணி கணக்குல கழிச்சுடுவோம். ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

“கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா என்ன சார்?”

தணிக்கையாளர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “சரி பண்ணிட்டா இந்த மேசை எதுக்குங்க?”

அவர் கூட்டிக் கழித்துக் கொடுத்த சீட்டில், பதினொன்று பத்து வரை செல்லும் என்று இருந்தது. அதற்குள் வரிசைப் பயிற்சியை முடித்து வர வேண்டும். வரிசைப் பயிற்சி நாற்பத்தைந்து நிமிடம். அப்போது மணி பத்து ஐம்பது. வெல்டர் இதைச் சொன்னார். “அது பயிற்சிப் பிரிவு. நான் நேரப் பிரிவு” என்றார் தணிக்கையாளர்.

வரிசைப் பயிற்சி இரண்டாவது மாடியில். பெரிய கூடம் ஒன்றில் கயிறு கட்டி வளைவு வளைவாகப் பாதை போட்டிருந்தார்கள். பயிற்றுநர் ஊதலும் கையுமாக நின்றார்.

“பூங்கா அனுபவத்துல எண்பது சதவீதம் வரிசையில நிக்கறதுதான். பயிற்சி இல்லாத ஆள் வரிசையில நின்னா என்ன ஆகும்? முன்னாடி போகணும்னு தோணும். அதுதான் ஆபத்தோட ஆரம்பம்.”

வெல்டர், வாலு, பல் டாக்டர் குடும்பம், மற்றும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். முன்னால் எதுவும் இல்லை. ஆனாலும் ஊதல் அடிக்கும்போதுதான் ஓர் அடி வைக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் கோஸ்டர் இறங்கும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. கொத்தாக அலறல் கேட்டு அடங்கியது. ஒவ்வொரு தடவையும் வாலு அப்பாவின் விரலை ஒரு முறை அழுத்தினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பார்க்கக் கூடாது என்று அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

வளைவுகளின் முடிவில் ஒரு நாற்காலி இருந்தது. ஒவ்வொருவராக அதில் உட்கார, பயிற்றுநர் பெல்ட் போட்டு, “நல்லா இருந்ததா?” என்று கேட்டு, பெல்ட்டைக் கழற்றி, மறுபக்கக் கதவைக் காட்டினார்.

“இவ்வளவுதானா?” என்றாள் வாலு.

“எண்பது சதவீதம் முடிஞ்சுடுச்சும்மா. மிச்சம் இருபதுதான். நிறையப் பேருக்கு இதுவே போதும்னு தோணும். கையெழுத்துப் போட்டுட்டு இப்படியே கிளம்பலாம்.”

“எனக்கு அந்த இருபதுதான் வேணும்.”

பல் டாக்டரின் மனைவி அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “நானும் முதல் வருஷம் இப்படித்தான் பேசினேன் கண்ணு.”

கீழே வந்தபோது மணி பதினொன்று நாற்பது. சீட்டு காலாவதி. முதல் மேசையிலிருந்து மறுபடி. காலையில் வெல்டர் எழுதிக் கொடுத்த திட்டத்தில் ரோலர் கோஸ்டர், மதியச் சாப்பாடு, ஒரு படகு, ஒரு ராட்டினம், கடைசியில் ஐஸ்கிரீம் என்று இருந்தது. ஆலோசகர் ஐஸ்கிரீமை அடித்தார். பிறகு ராட்டினத்தை. வெல்டர் தாமாகவே படகை அடித்தார். வாலு பேனாவை வாங்கிச் சாப்பாட்டை அடித்தாள். ரோலர் கோஸ்டர் மட்டும் நின்றது.

“ரொம்ப நல்ல திட்டம்,” என்றார் ஆலோசகர். “இப்படிச் சுருக்கமா யாரும் போடறதில்ல.”

அந்தத் திட்டத்தில் முத்திரை குத்த அவர் கையை ஓங்கியபோது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது. இணை இயக்குநர் வருகிறார். மாதத்துக்கு ஒரு முறை அவர் பயணிகளைச் சந்தித்துப் பேசுவார். பேசி முடிக்கும்வரை முத்திரை எதுவும் குத்தப்படாது. மரியாதைக் குறைவு.

இணை இயக்குநர் பருத்த, அன்பான மனிதர். மேடை இல்லாததால் தணிக்கையாளரின் முக்காலி மேல் ஏறி நின்றார்.

“நண்பர்களே! மக்கள் பூங்காவுக்கு வர்றதா நினைச்சுக்கிட்டு வர்றாங்க. தப்பு. திட்டம்தான் பெரிசு. பூங்கா அதுக்கு ஒரு சாக்கு. பதினோரு வருஷமா இந்த மையம் நடக்குது. இது வரைக்கும் ஒருத்தர், ஒரே ஒருத்தர், விமானத்தைத் தவறவிட்டதில்ல. எந்த ரைடுலயும் எங்க பயணிக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. உலகத்துல இப்படி ஒரு பூங்காத் துறையைக் காட்டுங்க பாப்போம்!”

“உள்ள விட்டாத்தானே விழும்?” என்றார் பல் டாக்டரின் மனைவி, கணவரின் காதில். கூடத்துக்கே கேட்டது.

இணை இயக்குநர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். “சரியாச் சொன்னீங்கம்மா! என்னையே எடுத்துக்குங்க. பதினோரு வருஷம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தடவைகூட நான் போனதில்ல. போனா ஒரு ரைடு பிடிச்சுப்போகும், ஒண்ணு பிடிக்காமப்போகும். நடுநிலைமை என்ன ஆகும்? சிலபேர் கேக்கறாங்க, திட்டம் போடவே நேரம் சரியாப் போயிடுதேன்னு. நான் திருப்பிக் கேக்கறேன். திட்டமே இல்லாம உள்ள போய்த் திரியறவங்களைப் பாத்திருக்கீங்களா? எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு ஓட்டம்! அவங்ககிட்ட எவ்வளவு நேரம் மிச்சம் இருக்குன்னு கேளுங்க. தெரியாது! அதெல்லாம் ஒரு வாழ்க்கையா?”

பேச்சு இருபத்தைந்து நிமிடம். கைதட்டல் இரண்டு நிமிடம். தட்டாதவர்களுக்குத் தனிப் பதிவேடு இருந்ததால் வெல்டரும் தட்டினார். இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன கை அவருக்கு. சத்தம் நன்றாக வந்தது. இணை இயக்குநர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அதன் பிறகு ஆலோசகர் முத்திரை குத்தினார். திட்டம் தணிக்கையாளரிடம் போனது. கடிகாரங்களுக்கு நடுவே இப்போது ஐந்து நிமிட வித்தியாசம். ஒரு மணி ஐந்துக்கு வெல்டரை அழைத்தார்கள். ஆலோசகரும் தணிக்கையாளரும் சேர்ந்தே இருந்தார்கள்.

“ரைடு மூணு நிமிஷம்,” என்றார் தணிக்கையாளர். “போறது, வர்றது, வரிசை, நுழைவுப் பதிவு, வெளியேறும் பதிவு எல்லாம் சேத்து எழுபத்தஞ்சு. உங்க அலகுக்கு அறுபத்தஞ்சுதான் இருக்கு.”

வெல்டர் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். குரல் வேறு யாருடையதோபோல வந்தது.

“சார், காலையில எட்டரை மணிக்கு வந்தேன். இந்தச் சுவரைத் தாண்டினா அதோ இருக்கு. ஓடிப்போய் ஏறிட்டு ஓடி வந்துடறோம். என் பொண்ணை நான் இனிமே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பாப்பேன். அப்ப அவளுக்குப் பதினொரு வயசு. அப்பாகூட ஏறணும்னு அப்பவும் கேப்பாளான்னு தெரியாது. வெளியேறும் பதிவு எல்லாம் வேணாம் சார். நாங்க வெளிய வந்துட்டோம்னு எங்களுக்கே தெரியும்.”

ஆலோசகர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. உதவி செய்ய அவரிடம் ஒரு வழியும் இருந்தது.

“ஒண்ணு பண்ணலாங்க. அலகைப் பிரிச்சுடலாம். குழந்தைக்கு அஞ்சரை மணி விமானம். அவ தனி அலகுன்னா மூணரை மணிப் பேருந்துல போனாப் போதும். நூத்து முப்பது நிமிஷத்துக்கு மேல இருக்கு. எங்க துணை அலுவலர் ஒருத்தர் கூட்டிட்டுப் போய், ரைடுல பக்கத்துல உக்காந்து, அப்புறம் ஏர்போர்ட்ல கம்பெனி ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுடுவாங்க. நீங்க ரெண்டே கால் பேருந்துல கிளம்பிடுங்க.”

“அப்ப... ஏர்போர்ட் வரைக்கும் அவ என்கூட வர மாட்டாளா?”

“தனி அலகுங்க.”

இதற்கு இருவருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக மையத்தில் இரண்டு தடுப்பறைகள் இருந்தன. அப்பாவை ஒன்றில் உட்காரவைத்தார்கள். மகளை மற்றொன்றில்.

அப்பாவின் அறையில் இருந்த பெண்மணி படிவத்தை நகர்த்தினார்.

“நான் இல்லாம அவளுக்கு ஏறணும்னு இருக்குமாம்மா?” என்றார் வெல்டர்.

“அதைக் குழந்தைகிட்டதான் கேக்கணும்.”

“அப்ப ஒரு நிமிஷம் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

“கேக்கக் கூடாதுங்க. அதுக்குத்தானே ரெண்டு அறை?”

வெல்டர் யோசித்தார். தாம் வேண்டாம் என்றால் அவளுக்கு இதுவும் இல்லை. ஒரு வருடம் கதவு நிலையோடு முதுகை ஒட்டிவைத்து நின்ற பிள்ளை. கடைசி நாளில் அப்பா ஒரு கட்டடத்துக்குள் உட்காரவைத்து அனுப்பிவிட்டார் என்று அம்மாவிடம் போய்ச் சொல்வாளா? சொல்ல மாட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தம்முடைய ஒரு மணி நேரம்தானே, போகட்டும். ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

மகளின் அறையில் வேறொரு பெண்மணி கொடுத்த படிவத்தை வாலு இரண்டு தடவை படித்தாள்.

“நான் போக மாட்டேன்னு சொன்னா அப்பா என்ன பண்ணுவாரு ஆன்ட்டி?”

“அது வேற அலகும்மா. எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும். தன்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாரு. கப்பல்ல வெல்டிங் பண்ணும்போதுகூட அதையே நினைப்பாரு. கையைச் சுட்டுக்குவாரு. எனக்கு அவரோட பஸ்ல போனாலே போதும். ஆனா நான் போயிட்டு வந்தேன்னா அவருக்கு நிம்மதியா இருக்கும்ல?”

“இதையெல்லாம் எழுத இடம் இல்லம்மா. சம்மதம், சம்மதமில்ல. ரெண்டே கட்டம்தான்.”

வாலு முதல் கட்டத்தில் டிக் போட்டாள்.

இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆலோசகர் எழுந்து வந்து வெல்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரெண்டு பேரும் தனித்தனியா யோசிச்சு ஒரே முடிவுக்கு வந்திருக்கீங்க. இவ்வளவு ஒத்துமையான குடும்பத்தை நான் இங்க பாத்ததே இல்லீங்க.”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் போக ஆசைப்பட்டிருக்கிறாள் என்று அவர் நினைத்தார். அப்பா அனுப்ப ஆசைப்பட்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

துணை அலுவலர் கோப்பும் ஊதலுமாகத் தயாராக நின்றார். விடைபெற ஒன்றரை நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வெல்டர் குனிந்து அவளுடைய ஷூ முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

“அம்மாகிட்ட போனதும் போன் பண்ணு. ஜன்னல் சீட் கேளு. காது அடைச்சா எச்சில் முழுங்கு.”

“சரிப்பா.”

“பயமா இருக்கா?”

“இல்ல. வெல்டிங்கை நானே பாத்துக்கறேன்.”

“மேல போனதும் கையைத் தூக்கு. நான் எங்கேருந்தாவது பாத்துட்டே இருப்பேன். சரியா?”

“எந்தக் கை?”

“எந்தக் கையா இருந்தா என்ன? தூக்கு.”

“முடிஞ்சுதுங்க,” என்றார் துணை அலுவலர். ஊதல் அடித்தார். வாலு ஓர் அடி வைத்தாள். பயிற்சி வீண்போகவில்லை. அடுத்த ஊதலுக்கு அடுத்த அடி. கதவுவரை அப்படியே போனாள். கதவில் திரும்பிப் பார்க்க ஊதல் இல்லை.

வெல்டர் மாடிப்படி ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பூங்காவைப் பார்த்த ஒரு ஜன்னல் இருந்தது. திரை இறக்கிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் முக்காலியில் ஒரு காவலாளி.

“பாக்கக் கூடாதுங்க,” என்றார் அவர். “பாக்கறதும் பார்வையிடல் கணக்குல வரும். உங்க அலகுக்குத் திட்டம் இல்ல.”

“என் பொண்ணு அதுல இருக்கா ஐயா. மேல போனதும் கையைத் தூக்கச் சொல்லியிருக்கேன்.”

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எனக்குத் தாகமா இருக்கு. கீழ போய்த் தண்ணி பிடிச்சுட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும். நான் இல்லாதப்ப இங்க என்ன நடந்துதுன்னு எனக்கெப்படித் தெரியும்?”

வெல்டர் முடிச்சை அவிழ்த்துத் திரையை ஏற்றினார். ரோலர் கோஸ்டர் முழுதாக எதிரே இருந்தது. மணி இரண்டு ஐந்து.

ஒரு வண்டி மெதுவாக ஏறியது. இருபத்து நான்கு இருக்கைகள். உச்சியில் ஒரு கணம் நின்றது. அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு தேடினார். வண்டி சரிந்தபோது அதில் இருந்த அத்தனை பேரும் கைகளைத் தூக்கினார்கள். நாற்பத்தெட்டுக் கைகள், சின்னதும் பெரியதுமாக, ஒரே நேரத்தில். ரோலர் கோஸ்டரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் இதுவரை ஏறியதில்லை.

அவரும் கையை ஆட்டினார்.

இரண்டாவது வண்டி ஏறியது. அதிலும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதற்கும் ஆட்டினார். மூன்றாவதில் ஒரே ஒரு ஆள் மட்டும் கையைத் தூக்காமல் எதையோ மார்போடு அணைத்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. கோப்பாக இருக்கலாம். பையாகவும் இருக்கலாம். வெயில் கண்ணில் அடித்தது. இரண்டு கைகளாலும் ஆட்டினார். வண்டி வளைவில் மறைந்தது. காவலாளி செருப்பை வேண்டுமென்றே தேய்த்துத் தேய்த்துப் படியேறி வரும் சத்தம் கேட்டது.

வெல்டர் கீழே ஓடினார். பேருந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவர் முதல் மேசைக்குப் போனார்.

“சார், அவ எந்த வண்டியில இருந்தா? அது மட்டும் சொல்லுங்க. ரெண்டாவதா மூணாவதா?”

“அது குழந்தையோட கோப்புல இருக்கும்,” என்றார் ஆலோசகர் அதே இனிமையோடு. “நீங்க இப்ப வேற அலகுங்க. கேக்கணும்னா மனு குடுக்கணும். இந்தாங்க. இருபத்தோரு வேலை நாள்ல பதில் வரும்.”

“நான் துறைமுகத்துல இருப்பேன்.”

“அந்த விலாசத்தையே எழுதுங்க. அனுப்பிடுவோம்.”

பேருந்து ஹார்ன் அடித்தது. வெல்டர் நின்றபடியே எழுதினார். பெயர், விலாசம், உறவு. கேட்கும் தகவல் என்ன என்ற இடத்தில், ‘எந்தக் கை என் மகளுடையது’ என்று எழுதிக் கொடுத்தார்.

ஆலோசகர் படித்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார். “இது தெளிவா இல்லீங்களே. மேல திருப்பி அனுப்பிடுவாங்க. வண்டி எண்ணா, இருக்கை எண்ணா?”

ஹார்ன் மறுபடி அடித்தது. வெல்டர் மனுவைத் திரும்ப வாங்கி, எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இருக்கை எண்’ என்று எழுதினார்.

“இப்ப சரியா இருக்கு,” என்றார் ஆலோசகர். முத்திரையை எடுத்தார்.